டோக்கியோவில் ஒரு பேனா நாள்: கின்சாவில் தொடங்கி குராமாயேவில் முடிப்பது எப்படி

பள்ளிக்கூடத்தில் இங்க் பேனாவோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு ஜப்பான் ஒரு பழி தீர்க்கும் ஊர். நிப்பு கீறும், நிப்புக்கு அடியில் மை ஓடும் நாக்கு காய்ந்துபோகும், கழுத்தில் மை கசிந்து விரல் நீலமாகும், பரீட்சை நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கக்கும். இதையெல்லாம் பட்டுத்தான் நாம் பால்பாயின்டுக்கு ஓடினோம். ஜப்பானில் சில நூறு யென்னுக்கு வாங்கும் இங்க் பேனாகூட மூடியைத் திறந்ததும் எழுதும். இந்தக் குறிப்பு, டோக்கியோவில் ஒரே ஒரு நாள் கையில் இருக்கிற, பேனாவில் புதிதாக ஆசை விழுந்த ஒருவருக்கு. நடுநடுவே சாப்பாடும் உண்டு. வெறும் வயிற்றில் பேனா தேர்ந்தெடுத்தால் கை நடுங்கும். நடுங்கும் கையில் எல்லா நிப்பும் மோசமாகத்தான் தெரியும்.

முதல் தடவை போனபோது ஒரே நாளில் ஏழு கடை என்று பட்டியல் போட்டேன். நான்கு கடைக்குத்தான் போக முடிந்தது. பாதி நேரம் சுரங்க ரயிலில் கழிந்தது, கடைசிக் கடையில் எழுதிக்கூடப் பார்க்காமல் ஒரு பேனாவை அள்ளிக்கொண்டு வந்தேன். அது இன்றும் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. ஆகவே இந்தத் திட்டத்தில் கடைகள் இரண்டுதான். காலையில் கின்சாவில் இதோயா, மதியத்துக்கு மேல் குராமாயேவில் காகிமோரி.

முந்தின நாள் இரவு

முதலில் கிழமை. குராமாயேவின் சிறு கடைகள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். சனி, ஞாயிறில் கின்சாவின் சுவோ-தோரி சாலையை நண்பகலிலிருந்து மாலை 5 மணி வரை (ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மணி) வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். 1970 முதல் நடக்கிற வழக்கம். நடுச்சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பார்க்க அழகு. ஆனால் பேனா கவுன்டரில் வரிசை நீளும். நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் புதன், வியாழன்தான் என் ஓட்டு.

பையில் எடுத்துவைக்க வேண்டியவை: அசல் பாஸ்போர்ட் (நகல் செல்லாது), வீட்டில் நீங்கள் தினமும் எழுதும் நோட்டிலிருந்து நாலைந்து தாள், இப்போது பயன்படுத்தும் பேனா, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு, குப்பைக்கு ஒரு சிறு பை. தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படாது. ரொட்டி சுற்றிவந்த காகிதம் இரவு வரை உங்களோடுதான் சுற்றும். ஆயிரம் யென் நோட்டுகள் சில தனியாக இருக்கட்டும், சாப்பாட்டுக் கடையில் தேவைப்படும்.

செலவுக்கு ஒரு எண்ணை இரவே முடிவுசெய்து காகிதத்தில் எழுதிவிடுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அது தானாக ஏறும்.

காலை: ஓனிகிரியும் ரயிலும்

கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும், அவசரமில்லை. விடுதிக்குப் பக்கத்தில் இருக்கிற கன்வீனியன்ஸ் கடையில் ஓனிகிரி வாங்குங்கள். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, வெளியே கடற்பாசித் தாள். பொட்டலத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1-ஐ உச்சியிலிருந்து கீழே இழுத்து, பிறகு 2, 3 முனைகளைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். வரிசை தவறினால் தாள் கிழிந்து சோறு கையில் ஒட்டும். சைவர்களுக்கு உமேபோஷி வைத்தது தோது. உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் காய், நம் மாவடுவுக்குத் தூரத்துச் சொந்தம். சுவையூட்டியில் மீன் சாறு கலந்திருக்கலாம், கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே தின்பதை அங்கே அவ்வளவாக ரசிக்க மாட்டார்கள். கடை வாசலோரம் நின்று முடித்துவிடுவது நல்லது.

டோக்கியோ மெட்ரோ, தோயெய் என்று சுரங்க ரயிலுக்கு இரண்டு நிறுவனங்கள். காலையில் இறங்கும் கின்சா நிலையம் மெட்ரோவுடையது, மதியம் ஏறப்போகும் அசகுசா தடம் தோயெயுடையது. சுய்கா போன்ற, பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் பயண அட்டை இருந்தால் இந்தக் கவலை இல்லை. நாள் சீட்டு வாங்குவதானால் இரண்டிலும் செல்லுபடியாவதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இதோயா: மூன்றாவது மாடி எங்கே இருக்கிறது

கின்சா நிலையத்தின் ஏ13 வாசலில் ஏறி இரண்டு நிமிடம் நடந்தால் தலைக்கு மேலே பெரிய சிவப்புக் காகிதக் கிளிப் தொங்கும். அதுதான் அடையாளம். 1904-இல் தொடங்கிய கடை. இப்போதுள்ள கட்டடம் 2015-இல் திறந்தது. ஜப்பானில் தரைத்தளம்தான் 1. நம் கணக்கில் இரண்டாவது மாடி அவர்களுக்கு மூன்று. இது தெரியாமல் லிஃப்டில் ஏறி இறங்கிக் கால்மணி நேரத்தைத் தொலைத்த குடும்பம் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும், அதில் நானும் உண்டு.

இங்க் பேனாக்கள் 3-இல். மேலே மற்ற தளங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வரலாம் என்று நினைக்காதீர்கள். காகிதம், அட்டை, நாட்குறிப்பு என்று பணமும் கவனமும் அங்கேயே கரைந்துவிடும். நேராக 3-க்குப் போங்கள், திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் பொற்காலம்.

கண்ணாடிப் பெட்டியில் இருப்பதை விரலால் தட்டாமல், கையை விரித்துக் காட்டுங்கள். “சுமிமாசென், தமேஷிகாகி” என்றால் போதும். “மன்னிக்கவும், எழுதிப் பார்க்கலாமா” என்று புரிந்துகொள்வார்கள். துணி விரித்த தட்டில் பேனாவை வைத்து நீட்டுவார்கள். மை நிரப்பியிருக்க மாட்டார்கள், நிப்பை மைப்புட்டியில் தோய்த்துத் தருவார்கள். தோய்த்த மை முதல் இரண்டு வரியில் தாராளமாக ஓடும். அதைப் பார்த்து “சரளமா எழுதுதே” என்று மயங்க வேண்டாம். நான்காவது வரியில்தான் பேனாவின் உண்மைக் குணம் தெரியும். அழுத்தாதீர்கள். பால்பாயின்ட் பழக்கத்தில் நம் கை தானாக அழுத்தும், விலை உயர்ந்த தங்க நிப்பு விரிந்துபோனால் சங்கடம்.

என்ன எழுதுவது? பக்கத்தில் நிற்கும் ஜப்பானியர் தாளில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். ‘எய்’ என்று ஒலிக்கும், நெடுங்காலம் நிலைப்பதைக் குறிக்கும் எழுத்து. தூரிகை எழுத்தின் எட்டு வகைக் கோடுகளும் அந்த ஒன்றுக்குள் அடங்குவதால் அதுவே அவர்களுக்கு உரைகல். நம் ஆட்களோ பேனாவைக் கொடுத்ததும் கையெழுத்துப் போடுவார்கள், அடுத்து ஆங்கிலத்தில் ஒரு ‘ஹலோ’. இரண்டும் வீண். கையெழுத்தை எந்தப் பேனாவும் அழகாகப் போடும்.

நான் எழுதுவது ‘கூழாங்கல்’, ‘ஞாயிறு’, ‘கண்ணன்’. ஒற்றைக்கோட்டு நோட்டில் எழுதும் அளவிலேயே எழுதுவேன். ‘கண்ணன்’ எழுதியதும் குனிந்து பார்க்க வேண்டும்: மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிறதா, இல்லை நடுச்சுழி அடைபட்டு நீலப் பொட்டாகிவிட்டதா? அடைபட்டால் அந்த நிப்பு உங்கள் எழுத்துக்குத் தடிமன். ‘ழ’வின் அடிக்கொக்கியில் நிப்பு திசை மாறும்போது ஒரு சின்ன இடறல் வரும், அதையும் கவனியுங்கள். மேலே ஏறும்போது சரளமாக இருக்கிற பேனா, இடப்பக்கம் வளைத்து இழுக்கும்போது கீறலாம். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அளவுக்கு வருவோம். ஜப்பான் நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிட ஏறத்தாழ ஒரு படி மெல்லியவை. சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு அடைக்கும் எழுத்துகள் அவர்களுடையவை, அந்தத் தேவைக்குச் செய்தது. அங்கே எஃப் (ஃபைன், மெல்லியது) என்பது ஐரோப்பியக் கணக்கில் ஈஎஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன், மிக மெல்லியது) பக்கம் போகும். சுழி நிறைந்த நம் எழுத்துக்கும் எஃப்தான் பொருத்தம். எழுத்துப் பெரிதாக வரும் கையானால் எம் (மீடியம், நடுத்தரம்) அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட எஃப்எம் பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் மூன்று: செய்லர் (1911), பைலட் (1918), பிளாட்டினம் (1919). வழவழப்பு வேண்டும் என்றால் பைலட். காகிதம் விரலுக்குத் தெரிய வேண்டும், பென்சில் போல ஒரு மெல்லிய உரசல் வேண்டும் என்றால் செய்லர். அதன் மேல்வகைகளில் 21 காரட் தங்க நிப்பு வரும். பிளாட்டினத்தின் 3776 வகைக்கு ஃபுஜி மலையின் உயரத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள், மீட்டரில். மூடிக்குள் ஸ்பிரிங்கோடு இன்னொரு மூடி இருந்து காற்றை அடைப்பதால், மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் காயாது. வாங்கி மறந்துவிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

முதல் பேனா என்றால் தங்க நிப்புக்குப் போகவே வேண்டாம். பைலட் காகுனோ ஆயிரம் யென் சொச்சம்தான். 2013-இல் குழந்தைகளுக்காகச் செய்தது, நிப்பின் மேல் ஒரு சிரித்த முகம் பொறித்திருக்கும். அந்த முகம் உங்களைப் பார்த்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். எனக்கு இருக்கிற பேனாக்களில் அதிகம் எழுதுவது இதில்தான், இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்.

ஒரு எச்சரிக்கை. மூன்று நிறுவனங்களின் மைக்குழலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. புட்டி மை ஊற்றுவதற்கான கன்வெர்ட்டரும் அப்படியே. பேனா வாங்கும்போதே அதற்குரிய கன்வெர்ட்டரை அதே கவுன்டரில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்து தேடினால் பேனா விலையில் பாதி கொடுக்க வேண்டியிருக்கும். மையில் பைலட்டின் இரோஷிசுகு வரிசை தொடக்கத்துக்கு நல்லது. 50 மில்லி புட்டி, எளிதில் கழுவிவிடலாம். மினுக்குத் துகள் கலந்த மைகள் கண்ணைப் பறிக்கும், நாக்கையும் அடைக்கும். முதல் வருடம் வேண்டாம்.

கிளம்புமுன் 2-ஆம் தளத்தில் ஒரு தபால் அட்டை வாங்கி, புதுப் பேனாவால் வீட்டு முகவரி எழுதி, அங்கேயே உள்ள தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் உங்களுக்குப் பிறகுதான் வீடு வந்து சேரும்.

பணம் கட்டுவதும் வரியும்

கவுன்டரில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். நோட்டானாலும் அட்டையானாலும் அதில் வையுங்கள், கையில் திணிக்க வேண்டாம். விலைச்சீட்டில் சில இடங்களில் இரண்டு எண் இருக்கும். பெரியதுதான் நீங்கள் கட்டப்போவது, 10 சதவீத வரி சேர்ந்தது.

சுற்றுலா விசாவில் வந்தவர்கள் ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் வரிவிலக்கு உண்டு. இதுவரை கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வரியைக் கழித்துக்கொள்வதுதான் முறை. 2026 நவம்பர் 1 முதல் அது மாறுகிறது. கடையில் வரியோடு முழுப்பணமும் கட்டி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கத்தின் உறுதிப்பாடு ஆன பிறகு பணம் திரும்பி வரும். அந்தத் தேதிக்குப் பிறகு போகிறவர்கள் வாங்கிய பேனாவைப் பெட்டியின் அடியில் புதைத்துவிடாமல் எடுத்துக் காட்டும்படி வையுங்கள். கடையில் ஒட்டித் தரும் உறையை ஜப்பானில் இருக்கும்வரை பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் பிரிக்காதீர்கள். இன்றே எழுதிப் பார்க்கப்போகும் காகுனோவைத் தனி பில்லாக வரியோடு வாங்குவது என் வழக்கம்.

மதியம்: பிசைந்து சாப்பிட ஓர் இடம்

பதினொன்றரைக்கே சாப்பிட உட்காருங்கள். பன்னிரண்டு அடித்தால் அலுவலகங்கள் மொத்தமும் தெருவுக்கு வந்துவிடும்.

அசைவர்கள் கபுகி-சா அரங்கத்துக்கு அருகே, ஹிகாஷி-கின்சாவில் உள்ள நாயர் உணவகத்துக்குப் போகலாம். திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து கியோட்டோவுக்குப் பொறியியல் படிக்கப் போய், ராஷ் பிஹாரி போஸோடு இந்திய விடுதலைக்கு வேலை செய்த ஏ.எம். நாயர் 1949-இல் தொடங்கியது. ‘முருகி லஞ்ச்’ என்று கேளுங்கள். மஞ்சள் சோறு, வேகவைத்த முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு, குழம்பில் ஊறிய ஒரு முழுக் கோழிக்கால். பரிமாறுபவர் மேசையிலேயே கரண்டியால் எலும்பை உருவிவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார். தட்டில் ஒன்றோடொன்று படாமல் சாப்பிடுகிற ஊரில், பிசைந்து சாப்பிடு என்று அதட்டும் ஒரு கடை! செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் புதன், வியாழன் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைவர்களுக்கு ஜப்பானில் எதிரி இறைச்சி இல்லை, தாஷி. உலர்ந்த மீனைச் சீவி வேகவைத்த சாறு. சூப்பு, நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் இறங்கியிருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்றால் மீன் சாற்றில் வெந்த காய் வரும், அவர்கள் மீது தப்பில்லை. “நிகு மோ சகானா மோ தாபேமாசென், தாஷி மோ” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதற்றமே வேண்டாம் என்றால் டோக்கியோ ரயில் நிலையத்தில், கெய்யோ ஸ்ட்ரீட் பகுதியில் இருக்கும் ‘டீஸ் தான்தான்’ என்ற கடை. எள் குழம்பில் மிதக்கும் காரமான நூடுல்ஸ், விலங்குப் பொருள் எதுவும் சேராதது. கடை ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. கின்சாவிலிருந்து யூராகுசோ நிலையத்துக்கு நடந்து, ஜேஆரில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் வெளியே வராமலே கடைக்கு நடக்கலாம். சாப்பிட்டபின் நிஹொம்பாஷிக்கு நடந்து அசகுசா தடத்தைப் பிடிக்கலாம்.

எந்தக் கடையிலும் தண்ணீர் இலவசம். டிப்ஸ் வைக்காதீர்கள், விட்டுப்போனதாக நினைத்துப் பின்னாலேயே ஓடி வருவார்கள்.

சாப்பிட்ட பிறகும் இடமிருந்தால் கின்சா நாலாவது வட்டாரத்தில் கிமுராயா. 1869-இல் தொடங்கிய ரொட்டிக் கடை. அவர்கள் உருவாக்கிய அன்பான் என்பது உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த சிறிய பன். 1875-இல் மெய்ஜி பேரரசருக்குக் கொடுத்ததில் நடுவே உப்பில் ஊறிய செர்ரிப் பூ ஒன்றை அழுத்தி வைத்தார்கள். அந்த வகை இன்றும் கிடைக்கிறது. சுகியன் தின்று வளர்ந்தவர்களுக்குப் பூரணம் உடனே பிடித்துப்போகும், இனிப்புக்கு நடுவில் வரும் அந்த உப்புத்தான் புதுசு. முட்டை சேர்க்காதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குராமாயே: நோட்டு கட்டும் இடம்

ஹிகாஷி-கின்சாவிலிருந்து அசகுசா தடத்தில் ஆறாவது நிறுத்தம் குராமாயே. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களின் நெல் களஞ்சியங்கள் இருந்த ஆற்றங்கரை. ‘களஞ்சியத்துக்கு முன்னால்’ என்பதுதான் பெயரின் பொருளே. இப்போது தோல் வேலை, காகித வேலை, காபிக் கடை என்று சின்னச் சின்னப் பட்டறைகள்.

காகிமோரி 2010-இல் தொடங்கியது. இங்கே நோட்டை வாங்குவதில்லை, கட்டுகிறோம். முன் அட்டை, பின் அட்டை, உள்தாள், வளையம், மூடும் கொக்கி ஒவ்வொன்றையும் அடுக்கிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தால், கண்ணெதிரே துளையிட்டுக் கட்டித் தருவார்கள். அட்டையில் மயங்கி உள்தாளைக் கோட்டை விடுவதுதான் எல்லோரும் செய்வது. அட்டையைப் பார்ப்பது இரண்டு நாள், தாளில் எழுதுவது ஆறு மாதம். காலையில் வாங்கிய பேனாவால் மாதிரித் தாள்களில் எழுதி, பத்து எண்ணிவிட்டு விரலால் தேயுங்கள். இழுவினால் மை காய நேரமெடுக்கும் தாள். நாள்தோறும் அவசரமாக எழுதும் கைக்கு அது ஒத்துவராது. பின்பக்கமும் திருப்பிப் பாருங்கள், மை ஊடுருவித் தெரியக்கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளை ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுதான் சமயம்.

கூட்டத்தைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். சொன்ன நேரத்தைக் கேட்டுக்கொண்டு, சுமிதா ஆற்றோரம் நடந்துவிட்டு வரலாம். சொந்தமாக நிறம் கலந்து மை செய்யும் இன்க்ஸ்டாண்டும் அவர்களுடையதே. அதற்கு ஊரிலிருந்தே முன்பதிவு செய்யுங்கள். மாலை ஆறை நெருங்கினால் அந்தத் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகின்றன, நான்குக்குள் அங்கே இருங்கள்.

இரவுச் சாப்பாடு

அடுத்த நிறுத்தமே அசகுசா. கோயில் வாசலில் தொங்கும் பெரிய சிவப்புக் காகித விளக்கைப் பார்த்துவிட்டு, சீட்டு இயந்திரம் வைத்த சின்னச் சாப்பாட்டுக் கடை எதிலாவது நுழையுங்கள். முதலில் பணம் போட வேண்டும், பிறகுதான் பொத்தானில் விளக்கு எரியும். விளக்கு எரியவில்லையே என்று அழுத்திக்கொண்டே நின்றால் பின்னால் வரிசை பொறுமையாக நிற்கும், அதுதான் இன்னும் கூச்சம். பழைய இயந்திரங்கள் சில, பத்தாயிரம் யென் நோட்டை ஏற்காது. 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளையும் சில துப்பிவிடும். இரவே தனியாக எடுத்துவைத்த ஆயிரம் யென் நோட்டு இங்கே கைகொடுக்கும். படம் இல்லாவிட்டால் இடது மேல் மூலைப் பொத்தான்: பெரும்பாலும் அந்தக் கடையின் முக்கியமான பண்டம் அதில்தான் இருக்கும்.

அறைக்குத் திரும்பிய பிறகு

ஆசை தாங்காமல் மை நிரப்புவீர்கள். குளியலறையில், தொட்டிக்குள் கையை வைத்து நிரப்புங்கள். விடுதியின் வெள்ளைத் துண்டை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். நிப்பைத் துடைத்த ஒரே ஒரு துடைப்பில் துண்டில் வங்காள விரிகுடா வரைபடம் விழுந்தது. மறுநாள் வரவேற்பறையில் துண்டுக்கான பணத்தை நீட்டியபோது அந்தப் பெண் வாங்க மறுத்துத் தலை குனிந்தாள். பணம் கட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அன்றிலிருந்து டிஷ்யூ காகிதம்தான்.

விமானத்தில் பேனாவை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலிசெய்யுங்கள். பாதி மை என்றால் மீதி இடத்தில் காற்று. மேலே ஏறும்போது கேபினில் அழுத்தம் குறைய, அந்தக் காற்று விரிந்து மையை நாக்கு வழியாக வெளியே தள்ளும். எதுவானாலும் நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும், ஜிப் உறைக்குள். 50 மில்லி மைப்புட்டியைத் திரவப் பையில் போட்டுக் கைப்பையிலேயே கொண்டுவரலாம். அட்டைப்பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புட்டியின் மூடியை இன்னும் ஒருமுறை இறுக்கிவிட்டு, அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து, காலுறை ஒன்றில் நுழைத்து உறையில் போடுங்கள். துவைத்த காலுறையாக இருந்தால் நல்லது.